பன்னிரண்டாவது புட்டி

ஐயாசாமியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் மற்றதைச் சொன்னால், நீங்கள் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். அவ்வளவு சுலபமாக அவனை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அவன் சோம்பேறி இல்லை, குடிகாரன் இல்லை, யாரையும் ஏமாற்றிப் பிழைத்தவனும் இல்லை. ஜொகூரில், யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். பதினான்கு வயதில் தாயையும் தகப்பனையும் ஒரே மழைக்காலத்துக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தான். மிஞ்சியது நாலு வயதுத் தங்கை ராசம்மா. அவளை வளர்க்கிறோம் என்று இரண்டு குடும்பங்கள் கேட்டுப் பார்த்தன. அவன் கொடுக்கவில்லை. தானே சோறாக்கிப் போட்டான், தலைவாரிப் பின்னிவிட்டான், பேன் பார்க்கக்கூடக் கற்றுக்கொண்டான். "ஐயாசாமிக்கு மீச மொளைக்கறதுக்கு முந்தியே மக பொறந்துட்டா" என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கேலி பேசினார்கள். கேலி பேசினவர்களில் ஒருவரும் அவன் செய்ததில் பாதி செய்திருக்க மாட்டார்கள்.

தோட்டத்துத் துரையின் குதிரைக்குப் புல் வெட்டிப் போடுவது அவன் வேலை. ஒரு நாள் அந்தக் குதிரைக்கு வயிற்றுவலி கண்டு, ஜொகூர் பாருவிலிருந்து பெல்லமி துரை என்கிற மிருக வைத்தியர் வந்தார். வலியில் உதைத்த குதிரையை நான்கு பேர் பிடிக்க மாட்டாமல் ஒதுங்கியபோது, ஐயாசாமி மட்டும் அதன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றான். போகும்போது பெல்லமி அவனையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பெட்டி படுக்கையோடு எட்டு வயது ராசம்மாவும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலேறினாள்.

பெல்லமியின் வைத்தியசாலை கடலைப் பார்த்த மேட்டில் இருந்தது. துரைமார்களின் நாய்கள், பந்தயக் குதிரைகள், போலோக் குதிரைகள், எப்போதாவது ஒரு சீன முதலாளியின் கறவைப் பசு, இவைதான் அங்கே வருகிற நோயாளிகள். மனிதர்கள் கூட வருவார்கள், ஆனால் சங்கிலியின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு. பின்பக்கம் ஓர் அறை. அதில் நீள மேசை, ஸ்பிரிட் விளக்கு, வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், புட்டிகள். அந்த அறைதான் பதினான்கு வருஷம் ஐயாசாமியின் ராஜ்யம்.

அங்கே அவன் செய்தது, பச்சையாகச் சொன்னால், மூத்திரம் காய்ச்சுகிற வேலை. முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். பேச்சில்லாத பிராணியின் வயிற்றுக்குள் இருக்கிற சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா, கெட்டுவிட்டதா என்று அறிய வேறு வழி கிடையாது. கெட்டுப்போன சிறுநீரகம் உடம்பில் நிற்க வேண்டிய சத்தை மூத்திரத்தில் ஒழுகவிடும். அந்தச் சத்து முட்டையின் வெள்ளைக்கருவுக்கு உறவு. சூடு பட்டால் உறையும். குழாயில் முக்கால் பங்கு ஊற்றி, மேல் பாகத்தை மட்டும் தீயில் காட்ட வேண்டும். மேலே வெள்ளையாகக் கலங்கிவிட்டதே என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. இரண்டு சொட்டு ஆசிட் விட வேண்டும். கலங்கல் மறைந்தால் அது வெறும் உப்பு, பயமில்லை. ஆசிட் விட்டும் கலங்கல் நின்றால் சிறுநீரகம் போய்விட்டது என்று பொருள்.

அதற்குமேல், கண்ணாடி மிதவை ஒன்றை மூத்திரத்தில் மிதக்கவிட்டு அதன் கனத்தைப் பார்ப்பான். நல்ல சிறுநீரகம் கனமாக வடித்துக் கொடுக்கும், கெட்டது பச்சைத் தண்ணீராய் விடும். ரத்தத்தில் கழிவு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்கிற பரிசோதனை இன்னும் நுணுக்கம். அதற்கு சோயாப் பயற்று மாவு வேண்டும். தவ்வு என்கிற சோயாக் கட்டி செய்து விற்கும் சீனரின் கடையில் அவனே போய்ப் பொறுக்கி வாங்கி, அம்மியில் அரைத்துச் சலிப்பான். அந்த மாவு ரத்தத்திலுள்ள கழிவை நெடியடிக்கிற நவச்சார ஆவியாக மாற்றும். அதைப் பிடித்து அளந்தால் கணக்குத் தெரிந்துவிடும். எழுதப் படிக்க அரைகுறையாகத் தெரிந்த ஒருவன் இவ்வளவையும் கைப்பழக்கமாகக் கற்றது சின்ன விஷயம் இல்லை.

ஒருமுறை ஒரு துரையின் வேட்டை நாய்க்கு சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று ஐயாசாமி சொன்னான். நாய் பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தது. பெல்லமி நம்பவில்லை. மூன்று வாரத்தில் நாய் செத்தது. அறுத்துப் பார்த்தால், இரண்டு சிறுநீரகமும் காய்ந்த கொட்டைப்பாக்கு மாதிரி சுருங்கிக் கிடந்தன. அன்றிலிருந்து ஐயாசாமி சொன்னதைப் பெல்லமி மறுபேச்சில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவனுக்கும் அன்றிலிருந்துதான் தலை கனத்தது. கண் பொய் சொல்லும், கை பொய் சொல்லும், குழாய் பொய் சொல்லாது என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டான்.

ராசம்மா அந்தப் புட்டிகளுக்கு நடுவில்தான் வளர்ந்தாள். கழுவிக் கவிழ்த்து வைப்பது அவள் வேலை. பதினெட்டு வயதில் அவளைக் காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிற காளியப்பனுக்குக் கட்டிக் கொடுத்தான். நல்ல பையன், தாய்க்கு ஒரே பிள்ளை. தாய் வெள்ளையம்மாவும் கெட்டவள் இல்லை, கொஞ்சம் பயந்தவள். நான்கு பிள்ளை பெற்று மூன்றை மண்ணில் வைத்தவள் பயப்படாமல் என்ன செய்வாள்? கண்ணேறு, காத்து, சூனியம் என்று அவளுக்கு நாலு பக்கமும் எதிரிகள்.

தங்கையைப் பார்க்க ஐயாசாமி காஹாங் போகும்போதெல்லாம் லயத்து ஆண்கள் வேடிக்கை பார்ப்பார்கள். "வாங்க வாங்க, மூத்திர டாக்டரு வந்துட்டாரு! எங்க வீட்டு நாய் ரெண்டு நாளா சோறு திங்கல, கொஞ்சம் மோந்து பாருங்க லா!" என்பார்கள். ஐயாசாமியும் சிரித்து வைப்பான். உள்ளே எரியும். ஒரு நாள் இவர்கள் அத்தனை பேரும் வாயடைத்துப் போகும்படி ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று திரும்பி வரும்போது ரயிலில் நினைத்துக்கொள்வான். அப்படி நினைப்பது தப்பில்லை. ஆனால் அப்படி ஒரு நாள் வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம், ஐப்பசி மழை தொடங்கிய சமயம், காளியப்பனிடமிருந்து கடிதம் வந்தது. அவனுக்கு எழுதத் தெரியாது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி எழுதியிருந்தான். ராசம்மாவுக்கு ஆறாம் மாதம். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. காலையில் எழுந்திருக்கும்போது முகமும் உப்பிக்கொள்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர், சத்துக்குறைவால் வருகிற பெரிபெரி என்கிறார். தவிடும் பச்சைப்பயறும் சாப்பிடு, உட்கார்ந்து கிடக்காதே, நட என்கிறார். அம்மா, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கத்தான் செய்யும் என்கிறாள். மச்சான் சொன்னால் ஜொகூர் பாரு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிடுகிறேன். குளுவாங் வரைக்கும் லோரிப் பாதை குண்டும் குழியுமாக இருக்கிறது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அம்மா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். என்ன செய்ய?

காலையில் முகம் உப்புகிறது என்ற வரியை ஐயாசாமி இரண்டு தரம் படித்தான். பெரிபெரியில் கால் வீங்கும். முகம் விடிகாலையில் உப்பிக்கொள்வது வேறு சங்கதி. நாய்களில் அதை அவன் பார்த்திருக்கிறான்.  சிறுநீரகமாக இருந்தால் தவிடும் நடையும் ஆகாது. உப்பை நிறுத்தி, பாலும் பார்லித் தண்ணீரும் கொடுத்து, படுக்கையில் போட்டு, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். லோரியில் குலுங்குகிற அபாயத்தை எடுத்தே தீர வேண்டும். சிறுநீரகம் இல்லை, வெறும் பெரிபெரிதான் என்றால் அவளைக் குலுக்கிக் கொண்டுவருவதுதான் அபாயம்.

உடனே ஒரு புட்டியை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, கெடாமலிருக்க நாலு சொட்டு மருந்து விட்டு, அடைத்து, குளுவாங் வழியாகப் போகிற லோரிக்காரனிடம் கொடுத்தனுப்பினான். காலையில் எழுந்ததும் முதலில் போவதைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கே வா, பார்த்துச் சொல்லிவிடுகிறேன், அதுவரை ஒன்றும் செய்யாதே என்று கூடவே ஒரு சீட்டு.

ஆறாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குக் காளியப்பன் வந்து சேர்ந்தான். லோரியிலும் ரயிலிலும் மடியிலேயே வைத்திருந்த புட்டியை, தலைத்துண்டில் சுற்றியபடியே நீட்டினான்.

"எப்படி இருக்கா?"

"அப்படியேதான் மச்சான். தலைய வலிக்குதுங்கறா. நேத்து ஓலை பொறுக்கப் போனவ உக்காந்துட்டா. நீங்க பார்த்துச் சொல்லுங்க. ஆகாதுன்னு சொன்னீங்கன்னா, அம்மா கத்துனாலும் சரி, முதுகுல சுமந்தாச்சும் கொண்டாந்துடறேன்."

"அந்த மரத்தடியில உக்காரு மாப்ள. வேலை கெடக்கு, முடிச்சிட்டுப் பாக்கறேன்."

வேலை உண்மையாகவே கிடந்தது. ஒரு லாயத்துக் குதிரைகள் பதினொன்றுக்கு ரத்தக் கிருமி நோய் கண்டு ஊசி போட்டிருந்தார்கள். அந்த ஊசி மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடியது. அடுத்த ஊசி போடலாமா கூடாதா என்று மறுநாள் காலை பெல்லமி முடிவு செய்ய வேண்டும். பதினோரு புட்டிகள் மேசைமேல் வரிசையாக நின்றன. ராசம்மாவின் புட்டியை வரிசையின் கடைசியில், பன்னிரண்டாவதாக வைத்தான். துரையின் வேலை முதலில், சொந்த வேலை பிறகு என்பது அவன் ஒழுங்கு. அந்த ஒழுங்கைப் பாராட்டுகிறவர்கள் பாராட்டலாம்.

ஒவ்வொன்றாகக் காய்ச்சினான். கலங்கியது. ஆசிட் விட்டான். நுரைத்துப் பொங்கி, கலங்கல் தெளிந்தது. எழுதினான். அடுத்தது. கலங்கியது, நுரைத்தது, தெளிந்தது. ஏழாவது குதிரைக்கு மட்டும் கலங்கல் நின்றது. அதற்கு ஊசி கூடாது என்று குறித்தான். மற்றவை எல்லாம் ஒரே மாதிரி. பதினொன்றும் முடிந்தபோது ஐந்தரை மணி. குழாயைக் கழுவி, கையைத் துடைத்து, நெற்றியில் ஒருமுறை தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பன்னிரண்டாவது புட்டியைத் திறந்தான்.

மருந்து வாடை அடித்தது. நிறம் சரி. மிதவையைப் போட்டான். கனமாகத் தூக்கி நின்றது, நல்ல அறிகுறி. தீயில் காட்டினான். மேலே வெள்ளையாகக் கலங்கியது.  ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, மூன்றாவது சொட்டும் விட்டான். நுரை பொங்கி அடங்கியது. கலங்கல் சுத்தமாகத் தெளிந்துவிட்டது.

இன்னொரு குழாயிலும் செய்து பார்த்தான். அதுவும் தெளிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். கண்ணீர் வந்தது. பிறகு எழுந்து மரத்தடிக்கு ஓடினான், முப்பத்திரண்டு வயது ஆள்.

"மாப்ள! கிட்னி சுத்தமா இருக்கு. ஒரு குத்தமும் கெடையாது. குதிரையோடது மாதிரி பலமா இருக்கு!"

"அப்ப பெரியாஸ்பத்திரி?"

"வேணாம். அந்தக் குண்டுகுழியில அவளக் குலுக்கிக் கொண்டாராத. டிரெஸ்ஸர் சொன்னதுதான் சரி, பெரிபெரிதான். தவிடு குடு, பயறு அவிச்சுக் குடு. நடக்கச் சொல்லு."

"நிச்சயமா மச்சான்?"

"நான் ரெண்டு தரம் பார்த்துட்டேன் மாப்ள. துரையே நான் சொன்னா மறு வார்த்த பேச மாட்டாரு."

காளியப்பன் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தோட்டத்துக்குத் திரும்பிப் போய் லயம் முழுக்கச் சொன்னான். மூத்திர டாக்டர் என்று கேலி செய்தவர்கள்கூட, "கெட்டிக்காரன்தான்பா, எல்லாம் அந்தப் புட்டியிலேயே தெரிஞ்சிடுமாமே" என்றார்களாம். அதை ஐயாசாமியிடம் ஒரு லோரிக்காரன் வந்து சொன்னபோது அவன் முகத்தில் எப்படியொரு சந்தோஷம்! நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பதினைந்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு படி பச்சைப்பயறும் ஒரு மூட்டைத் தவிடும் வாங்கிக்கொண்டு அவனே காஹாங் போனான். ராசம்மா வாசலுக்கு வந்தாள். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கண்கள் வீக்கத்துக்குள் புதைந்து கோடாகத் தெரிந்தன. விரல்கள் பருத்திருந்தன. வளையல்களை முன்னாலேயே கழற்றிவிட்டிருந்தார்கள்.

"அண்ணே, தலைதான் தாங்க முடியல. கண்ணுக்குள்ள என்னமோ பொறி பொறியாப் பறக்குது."

"ஒண்ணுக்குச் சரியாப் போறியா?"

"எங்க... கொஞ்சந்தான் போவுது. செம்மண் கரைச்ச மாதிரி."

அந்த இடத்தில் ஐயாசாமிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று நான் அடித்துச் சொல்வேன். இதே வீக்கத்தோடு, இதே மாதிரி செந்தண்ணீர் சொட்டிய நாயை அவன் மடியில் வைத்துத் தடவிக் கொடுத்திருக்கிறான். நாய்க்கு இப்படி இருந்தால் அந்த நிமிஷமே துரையிடம் ஓடியிருப்பான். தங்கைக்கு முன்னால் நின்றுகொண்டு, தெளிந்த குழாயை நினைத்தான். இரண்டு தரம் பார்த்தோமே, இரண்டு தரமும் தெளிந்ததே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கண் பார்த்ததைக் குழாய் மறுத்தது. அவன் குழாய் பக்கம் நின்றான். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போ என்றால், அன்றைக்குச் சொன்னது தப்பா என்று லயம் கேட்குமே என்ற எண்ணமும் ஓரத்தில் இருந்தது. அதை அவன் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. நான் சொல்கிறேன்.

"பயமா இருக்காம்மா?"

"நீங்கதான் பார்த்துட்டீங்களே அண்ணே. அப்புறம் எனக்கென்ன பயம்?" என்றாள் ராசம்மா. சிரிக்கப் பார்த்தாள், முகம் இடம் கொடுக்கவில்லை.

வெள்ளையம்மா அவனுக்குச் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். ராசம்மாவுக்கும் அதே குழம்புதான். உப்பு ஆகாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பெரிபெரிக்கு உப்பு என்ன செய்யும் என்று விழுங்கிவிட்டான். மத்தியான லோரியில் திரும்பினான்.

ஒன்பதாம் நாள் தந்தி வந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது அவளை வெளியே கிடத்தியிருந்தார்கள். முந்தின நாள் காலையில் வலிப்பு வந்திருக்கிறது. பேய் என்று வேப்பிலை அடித்திருக்கிறார்கள். டிரெஸ்ஸர் வருவதற்குள் மூன்று வலிப்பு. நாலாவதில் போய்விட்டாள், வயிற்றிலிருந்ததும் போய்விட்டது. தலைவாரிப் பின்னி வளர்த்த பெண்ணின் தலைமாட்டில் ஐயாசாமி மண்ணில் உட்கார்ந்துகொண்டான். குழிக்குத் தூக்கும் வரைக்கும் அவனை எழுப்ப முடியவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து எல்லாரும் லயத்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளையம்மா தலையிலடித்துக்கொண்டு அழுதாள். நடிப்பில்லை, பெற்ற மகளுக்கு அழுகிற அழுகை.

"எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ! நான் எப்படியெல்லாம் காபந்து பண்ணேன்! அவ வெட்டுன நகத்தக்கூட மண்ணுல பொதைச்சேனே. சீவுன முடிய அடுப்புல போட்டேனே. தம்பி, அவ மூத்திரத்தக்கூட நான் வெளிய அனுப்ப விடலியே!"

ஐயாசாமி தலை நிமிர்ந்தான். "என்ன சொல்றீங்க அத்தை?"

"ஆமா தம்பி. நாய் நரியோடதெல்லாம் கெடக்கற எடத்துல வயித்துப்புள்ளக்காரியோடத வைக்கலாமா? எவனாச்சும் எடுத்து எதையாச்சும் பண்ணிட்டா? எம் மவன் காளி லோரிக்குக் கெளம்பறதுக்கு முந்தியே அதக் கொட்டிட்டு, நம்ம செவலப் பசுவோட கோமியத்தப் புடிச்சு அடைச்சு வச்சேன். கோமியத்துக்கிட்ட எந்தச் சூனியமும் பலிக்காது. அப்படியெல்லாம் காத்தும் கொண்டு போயிட்டானுங்களே, தம்பி!"

 அவள் என்ன சொல்லிவிட்டாள் என்று அவளைத் தவிர எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

ஐயாசாமிக்கு வேறொன்றும் விளங்கியது. நுரை. பன்னிரண்டாவது குழாய் நுரைத்துப் பொங்கியது. புல் தின்கிற பிராணியின் மூத்திரத்தில் சுண்ணாம்பு இருக்கும். ஆசிட் பட்டால் சோடாவாய்ப் பொங்கும். குதிரையுடையது பொங்கும், மாட்டுடையது பொங்கும். நாயுடையது அப்படிப் பொங்காது, மனுஷியுடையதும் பொங்காது. பெல்லமி துரை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தது. பதினான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட மறந்ததில்லை. பதினோரு தரம் பொங்கியதைப் பார்த்த கண், பன்னிரண்டாம் தரமும் பொங்கியதை வாடிக்கையாகப் பார்த்துக்கொண்டு போய்விட்டது. கிழவி புட்டியில் பொய்யை ஊற்றினாள், மெய்தான். அது பொய் என்று குழாய் அவன் மூஞ்சிக்கு நேரே இரண்டு தரம் பொங்கிப் பொங்கிச் சொன்னது. அவனுக்கு வேண்டிய பதில் தெளிந்த தண்ணீர். அதை மட்டும் வாங்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினான்.

காளியப்பன் எழுந்து வந்து அவன் எதிரில் நின்றான். மூன்று நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்காதவன். 

"மச்சான், ஒண்ணு கேக்கறேன். நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. மாட்டோடது எது, மனுஷாளோடது எதுன்னு பார்த்தா ஒங்களுக்குத் தெரியாதா?"

முற்றமே அவனைப் பார்த்தது. வெள்ளையம்மாவும் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தன்மேல் என்ன வந்து விழப் போகிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரியத் தொடங்கியிருந்தது. தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பாதிப் பாரம் அவன் தோளுக்கு வந்திருக்கும், பாதி அவளுக்கு. நியாயமான பங்கு.

"தெரியாது மாப்ள," என்றான் ஐயாசாமி. "புட்டிக்குள்ள வந்துட்டா எல்லாம் ஒண்ணுதான். யாரா இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

காளியப்பன் அதற்குமேல் அவனை ஒன்றும் கேட்கவில்லை. திரும்பித் தாயிடம் போனான். "நீதான் கொன்ன. என் பொண்டாட்டியையும் புள்ளையையும் நீதான் கொன்ன" என்றான். அடிக்கவில்லை. உள்ளே போய் அவள் பாயையும் தகரப் பெட்டியையும் சோற்றுத் தட்டையும் கொண்டுவந்து லயத்துக்கு வெளியே, மழையில் நனைந்த பாதையில் வைத்தான். பெண்கள் ஒருத்தியும் தடுக்கவில்லை. ஒருத்தி காறித் துப்பினாள். ஐயாசாமி தன் துண்டை மடித்துக்கொண்டிருந்தான்.

மத்தியான லோரிக்கு அவன் கிளம்பியபோது, வெள்ளையம்மா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். போகிற வழி அதுதான், சுற்றிப் போக வேறு பாதை இல்லை. அவள் காலடியில் நின்றான். ஏதாவது சொல்லத்தான் நின்றான் என்று நம்பவே எனக்கும் ஆசை. அவள் முந்திக்கொண்டாள். எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் இரண்டு கையையும் பிடித்தாள்.

"என்ன மன்னிச்சிடுங்க தம்பி. நீங்க சரியாத்தான் பார்த்தீங்க. நான்தான் கெடுத்துட்டேன்."

"பரவால்ல அத்தை" என்று சொல்லிவிட்டு ஐயாசாமி லோரி ஏறினான்.